அத்தாயியும் என் புது வண்டியும்

அத்தாயியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு வாய் வராது. பன்னிரண்டு வருடமாக எங்கள் கோழிப்பண்ணையின் கேட்டில் நிற்கிறவள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, முதுகில் மருந்து டேங்க், கையில் குழாய். தீவன லாரியோ முட்டை வண்டியோ டாக்டர் காரோ, எதுவானாலும் அவள் மருந்தடித்த பிறகுதான் உள்ளே போக முடியும். காலமான என் அப்பா சின்னுசாமி வைத்த சட்டம் அது. நாலு கொட்டகையில் முப்பத்தாறாயிரம் முட்டைக்கோழி நிற்கிற இடம். எவனுடைய டயரிலாவது ஒட்டிக்கொண்டு காய்ச்சல் உள்ளே வந்தால் ஒரே வாரத்தில் கொட்டகை காலியாகிவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? கோழிக்காரனுக்குப் பிறந்தவன் நான். எனக்கே அவள் பாடம் நடத்துவாள், அதுதான் எரிச்சல்.

வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் அவளுக்கு. புருஷன் போர்வெல் லாரியோடு வடக்கே போனவன், திரும்பி வரவில்லை. அவனைப் பற்றி யாராவது கேட்டால், "உன்ற சோலியப் பாரு" என்பாள். வேலைக்குச் சேர்ந்த அன்று அப்பா, பண்ணையில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் கோழி வளர்க்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். எல்லோரிடமும் சொல்வதுதான். எல்லோரும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் பின்னால் ரெண்டு கோழி வளர்க்கத்தான் செய்வார்கள். இவளோ மறுநாள் விடிந்ததும் ஏழு நாட்டுக்கோழியையும் ஒரு சேவலையும் சந்தையில் தள்ளிவிட்டு வந்து நின்றாள். மகள் மதுமதி பிரசவத்துக்கு வந்திருந்தபோதுகூட ஒரு குஞ்சு வாங்கி விடவில்லை. அப்பா இதை வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். எனக்கு அது வெறும் வீம்பாகத்தான் பட்டது.

என் பெயர் மோகன்குமார். வயது நாற்பத்து மூன்று. அதில் பாதிக்கு மேல் கோழி எச்ச வாடையில் போய்விட்டது. எனக்கென்று ஒன்று வேண்டும் என்று தோன்றியது. போன ஆவணியில் சேலத்துக்குப் போய், தூரதேசம் போகிறவர்கள் ஓட்டுகிற பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்றை எடுத்து வந்தேன். இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் காற்றுக்குக் கண்ணாடி, பளபளப்பில்லாத சாம்பல் நிறம். வாசலில் நிறுத்தியதும் என் மனைவி தனப்பிரியா சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏறி உக்கார ஏணி குடுக்கலீங்களா?" என்றாள். சீட்டு உயரம்தான். உட்கார்ந்தால் எனக்குக் கால் விரல் மட்டும்தான் தரையைத் தொடும்.

பழகுவதற்குப் படாத பாடு பட்டேன். முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு அறுபதைத் தாண்டக்கூடாது என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். அயோத்தியாப்பட்டணம் வரைக்கும் அறுபதிலேயே போய் அறுபதிலேயே திரும்பினேன். பால் கேன் கட்டிய மொபெட்டுக்காரன் என்னை முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்துச் சிரித்தான். என்ஜின் சூடு வலது காலைப் பொசுக்கியது. நியூட்ரல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வாரம். இருந்தும் அந்த வண்டிமேல் எனக்கு உயிர். ராத்திரி தூங்கப் போகும் முன் ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் படுப்பேன்.

அப்படிப்பட்ட வண்டியை முதல் நாள் பண்ணைக்கு எடுத்துப் போனேன். கேட்டுக்கு முன்னால் டயர் நனைவதற்கு ஒரு குழி உண்டு. அரையடி ஆழம், பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர். காரும் லாரியும் இறங்கி ஏறிப் போய்விடும். நான் இறங்கினேன், அத்தாயி கையைக் காட்டி நிறுத்தினாள், நான் காலை ஊன்றினேன். மேட்டிலேயே விரல்தான் எட்டுகிறது, குழியில் எங்கே எட்டும்? இருநூறு கிலோ வண்டியும் நானும் அப்படியே பவுடர் தண்ணீரில் சாய்ந்தோம்.

அவள் பதறவில்லை, கை கொடுக்கவுமில்லை. நான் தட்டுத் தடுமாறி வண்டியை நிமிர்த்தி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இந்தப் பக்கம் நனஞ்சிருச்சுங்க சாமி. சித்த திருப்பிப் புடிங்க, அந்தப் பக்கம் அடிச்சுப்போடறேன்."

உள்ளே நின்ற சூப்பர்வைசர் வளவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சிரிக்கிறான் என்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. மறுநாள் துடைக்கும்போது பெட்ரோல் டேங்கில் அங்கங்கே வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்திருந்தது. தேய்த்தேன், போகவில்லை. நேராக அவளிடம் போனேன்.

"இனிமேல் என் வண்டிக்கு அடிக்காதே."

"அப்ப வெளிய வேப்பமரத்தடில நிறுத்திப்போட்டு நடந்து வாங்க."

"இது யாரு பண்ணை, அத்தாயி?"

"உங்களுதுதானுங்க. கோழியும் உங்களுதுதானுங்க."

சரி, சனியன் தொலையட்டும் என்று ஒரு நாள் வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். சாயங்காலம் வந்து பார்த்தால் சீட்டு முழுக்கக் காக்கா எச்சம். கேட்டில் நின்றபடியே அவள், "காக்காய்க்குச் சட்டம் போட முடியுங்களா?" என்றாள். பக்கத்தில் நின்ற லாரிக்காரன்கூடச் சிரித்தான். என் பண்ணை வாசலில் வைத்து, என் வேலைக்காரி, என்னை. அன்றைக்கே முடிவு செய்தேன்.

பண்ணைக்குப் பின்னால் பெரியசாமி என்பவருடைய சோளக்காடு. வரப்போரமாக ஒரு வண்டி போகிற அளவுக்கு வழி இருந்தது. கம்பி வேலியில் ஆறடிக்கு அவிழ்த்துவிட்டு, வெளியே தெரியாமல் ஒரு முள்ளை இழுத்து வைத்தேன். அதற்குள் புகுந்தால் புல்தரை. புல்தரையைத் தாண்டினால் மூன்றாம் கொட்டகையின் ஓரத்தில் புங்கமரம், நல்ல நிழல். தினமும் அந்த வழியாக வந்து மரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். டேங்கில் ஒரு புதுப் புள்ளி கிடையாது.

ஒரு நாள் அலுவலக வாசலில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு அத்தாயி வந்தாள்.

"எப்பங்க வந்தீங்க? நான் பாக்கவே இல்லீங்களே."

"விடியறப்பவே வந்துட்டேன்."

"வண்டி?"

"வீட்டில் இருக்கு."

என் பூட்ஸைப் பார்த்தாள். "செரிங்க," என்று போய்விட்டாள். அவளை முட்டாளாக்கிவிட்டதில் எனக்கு அன்று முழுக்க ஒரே குஷி. வளவனுக்குக்கூட ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

புரட்டாசிக் கடைசியில் வளவன் வந்து, பிளீச்சிங் பவுடர் தீர்ந்துவிட்டது என்றான். ஒரு மூட்டை ஒரு மாதம் வரும். இந்தத் தடவை பதினேழே நாளில் காலி. எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. ஆமாம், வாய்ப்பு என்றுதான் அன்றைக்கு நினைத்தேன், இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது. வளவன் முன்னாலேயே அவளைக் கூப்பிட்டேன்.

"மூட்டை எங்க போச்சு? ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போறியா?"

"நான் ஒரு பொடி தூக்கலீங்க."

"அப்புறம் எங்கதான் போச்சு?"

"பண்ணைலதானுங்க போச்சு."

அது திமிர் என்று பட்டது எனக்கு. "நாளைக்கு வர வேண்டாம்," என்றேன். கெஞ்சுவாள், அழுவாள், அப்பா பெயரை எடுப்பாள் என்று காத்திருந்தேன். ஒன்றுமில்லை. டேங்கைக் கழற்றிக் கழுவி, எப்போதும் போல ஆணியில் கவிழ்த்து மாட்டினாள். சட்டையைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தாள். "குழித் தண்ணி நாளைக்கு மாத்தோணும்ங்க. சக்தி போயிருச்சு," என்று வளவனிடம் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள். பன்னிரண்டு வருடத்துத் தொல்லை ஒழிந்தது என்று நான் மறுநாளே வண்டிப் பெட்டியில் துணிமணியை அடைத்தேன்.

கேரளாவுக்கு நாலு நாள் பயணம். அதற்காகத்தானே வாங்கியது. சர்வீஸ் முடிந்திருந்தது, இனி அறுபதுக் கணக்கும் இல்லை. மலையேறி இறங்கி, வயலும் வாய்க்காலுமாக இருக்கிற பக்கம் போனேன். ஒரு இடத்தில் ரோட்டை அடைத்துக்கொண்டு தாரா என்கிற வாத்துக் கூட்டம் போனது. ஆயிரம் இருக்கும். சேற்றுக்குள் இறங்கி வண்டியை நடுவில் நிறுத்தி, தாராக்களோடு படம் எடுத்துக்கொண்டேன். இத்தனை வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அன்று மத்தியானம் வளவன் போனில் கூப்பிட்டான். அந்தப் பக்கம் தாராவுக்குக் காய்ச்சல் என்று கோழிப்பண்ணைக்காரர்கள் குரூப்பில் போட்டிருக்கிறார்களாம்.

"நான் படகு பாக்க வந்திருக்கேன்டா. தாரா பாக்க வரல," என்றேன்.

திரும்பி வந்தபோது கேட்டில் ஆள் இல்லை. வேறு ஆளைப் போடச் சொல்லியிருந்தேன், வளவன் போடவில்லை. குழித் தண்ணீர் கலங்கி, இலையும் தழையுமாகக் கிடந்தது. அடிக்க ஆளில்லாத கேட்டில் நான் தாராளமாகவே நுழைந்திருக்கலாம். பழக்கதோஷம், வண்டி தானாகச் சோளக்காட்டுப் பக்கம் திரும்பியது. நான் இல்லாத நாட்களில் நல்ல மழை. பழைய தடம் சேறாக இருந்ததால் நாலடி தள்ளிப் புல்மேல் ஓட்டி வந்து, புங்கமரத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்தினேன்.

ஆறாம் நாள் காலையில் மூன்றாம் கொட்டகையில் பதினெட்டுக் கோழி செத்துக் கிடந்தது. மறுநாள் நூற்றுப்பத்து. அதற்கும் மறுநாள் நான் எண்ணவில்லை. தீவனம் போட்டால் இரைச்சலில் காது கிழிகிற கொட்டகை அது. நான் உள்ளே போய் நின்றபோது ஃபேன் சத்தம்தான் கேட்டது.

கால்நடை டாக்டர் ரஞ்சிதா வந்தார். வெள்ளை உடுப்பு, முகமூடி. ரத்தம் எடுத்து அனுப்பினார். மூன்றாம் கொட்டகையில் ஒன்றையும் விட முடியாது, குழி வெட்டச் சொல்லுங்க என்றார். மற்ற மூன்று கொட்டகையும் தப்புமா என்று கேட்டேன். சொல்ல முடியாதுங்க என்றார். வெளியாள் யாராவது, வெளி வண்டி ஏதாவது உள்ளே வந்ததா என்று கேட்டார்.

"இல்லீங்க," என்றேன்.

கொட்டகையைச் சுற்றி நடந்தவர், பின்பக்கம் வந்ததும் நின்றார். மழைக்கு அருகம்புல் பச்சைப் பசேலென்று கிடந்தது. அதன் நடுவே வேலியிலிருந்து புங்கமரம் வரை ஒரு பட்டை மட்டும் வெளுத்துக் கருகியிருந்தது. மரத்தடியில் நான் வண்டி நிறுத்துகிற இடத்தைச் சுற்றி ஒரு வட்டம். டயர் ஏறிச் செத்த புல் என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன்.

"டயர் ஏறினா ஒரு சாண்தான் சாகும். இது மூணடி," என்றார் டாக்டர். "பிளீச்சிங் அடிச்சிருக்காங்க. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, தினமும் அடிச்சாத்தான் இப்படிக் கருகும். பரவால்லையே, பின்னாடியும் இவ்வளவு ஒழுங்கா அடிச்சிருக்கீங்க. யாரு அடிச்சது?"

நான் குனிந்து அந்தக் கருகிய புல்லைப் பார்த்தேன். தினமும் சாயங்காலம், நான் கிளம்பிப் போன பிறகு, அவள் டேங்கை மாட்டிக்கொண்டு என் டயர் தடத்தின் பின்னாலேயே வேலி வரைக்கும் நடந்திருக்கிறாள். மூட்டை எங்கே போனது என்று அப்போதுதான் தெரிந்தது. கருகிய பட்டைக்கு நாலடி தள்ளி இன்னொரு தடம் இருந்தது. புல் மடங்கிக் கிடந்தது, ஆனால் பச்சையாக இருந்தது. டாக்டர் நின்ற இடத்திலிருந்து அது தெரியவில்லை.

"கேட்டுல ஒரு அம்மா இருப்பாங்களே. அவங்க எங்க?"

"வேலைய விட்டு நின்னுட்டாங்க."

"கூப்பிடுங்க. மத்த கொட்டகையாவது தப்பணும்னா அவங்க வேணும். இது எதுல வந்துச்சுன்னு உறுதியா சொல்ல முடியாதுங்க. கொக்கு, காக்கா, தீவன மூட்டை, எதுலயும் வரலாம். மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க."

கொக்கு என்றதும் எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. எவ்வளவு கேவலமான புத்தி பாருங்கள். சாயங்காலம் அத்தாயிக்குப் போன் செய்தேன். "டாக்டர் வரச் சொல்றாங்க," என்று மட்டும் சொன்னேன். "வாரேங்க," என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும், வளவன் வருவதற்கு முன்னால், ஆணியிலிருந்து டேங்கை எடுத்து மாட்டிக்கொண்டேன். புது மூட்டையைப் பிரித்து, பவுடரை இரண்டு மடங்கு போட்டுக் கரைத்தேன். வேலியிலிருந்து தொடங்கி அந்தப் பச்சைத் தடத்தின் மேல் அடித்துக்கொண்டே வந்தேன். ரெண்டு மூன்று நாளில் அதுவும் கருகிவிட்டால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். டேங்க் வார் தோளை அறுத்தது. மருந்து வாடையில் கண்ணெல்லாம் எரிந்தது. பாதி தூரம் வந்து நிமிர்ந்தால் புங்கமரத்தடியில் அத்தாயி நிற்கிறாள். சட்டை போட்டிருந்தாள். கால் கழுவி ஈரமாக இருந்தது. முதல் பஸ்ஸுக்கே வந்திருக்கிறாள்.

என் வண்டியைப் பார்த்தாள். மட்கார்டுக்கு அடியில், என் துணி எட்டாத இடத்தில் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்தாள். கருகியதைப் பார்த்தாள், ஈரமாக மின்னிய பச்சையைப் பார்த்தாள்.

"தெரிஞ்சிருந்தா ஏன் சொல்லல?" என்றேன். அந்த நேரத்திலும் என் குரல் அதட்டலாகத்தான் வந்தது.

"சொன்னா அந்த வழியும் மாத்திப்போடுவீங்க. பொறவு எந்த வழின்னு நான் தேடறது?"

கொட்டகைக்கு அந்தப் பக்கம் குழி வெட்டுகிற இயந்திரம் கிளம்பிய சத்தம் கேட்டது. அவள் பக்கத்தில் வந்து என் முதுகிலிருந்து டேங்கைக் கழற்றினாள். ஆட்டிப் பார்த்தாள்.

"இது வண்டி வந்த அன்னைக்கு அடிக்கோணும்ங்க," என்றாள். "இன்னைக்கு அடிச்சா புல்லுதான் சாவும்."

டேங்கைத் தன் முதுகில் மாட்டிக்கொண்டு, குழித் தண்ணீரை மாற்றக் கேட்டுக்குப் போனாள்.