அப்பா ஓட்டிய பந்தயப் படகு

மகளின் கைத்தொலைபேசியில் படகு இரையும் சத்தம் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது டிவியில் விளையாடிய அதே படகுப் பந்தயம்!

அப்போதெல்லாம் கேம் கெசட்டை ஊதிப் போட்டால்தான் டிவியில் படம் வரும். வாவியில் வலை இழுத்துவிட்டு வரும் அப்பா ஈரச் சாரத்தோடு பக்கத்தில் குந்தி, "கொஞ்சம் தா புள்ள" என்பார். அவர் விளையாடிவிட்டுத் திருப்பித் தரும் ரிமோட்டின் பட்டன்களில் மீன் வாடை அடிக்கும். சட்டையில் துடைத்துக்கொள்வேன். சிவப்பு மிதப்புகளின் மேல் படகை ஏற்றினால்தான் புள்ளி. அப்பா மட்டும் ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டு போவார்.

"மேலால விடுங்கப்பா!"

"கீழ ஆர்ர வலை கிடக்கோ தெரியா புள்ள. அறுந்திடும்."

"இது கேம் அப்பா!" என்று கத்துவேன். கடைசியாக வந்து சேர்ந்துவிட்டு, ஒரு வலையும் அறாத நிம்மதியில் சிரிப்பார்.

இன்று மகளிடமிருந்து போனை வாங்கினேன். எல்லாப் படகுகளையும் முந்திவிட்டேன். எதிரே சிவப்பு மிதப்பு. என் விரல் தானாகவே படகைத் திருப்பியது.

"அம்மா, தோக்கப் போறீங்க!"

"ஓம்" என்றேன். அடுத்ததையும் சுற்றிக்கொண்டுதான் போனேன்.