மருதாணிக்கு அடியில் இருந்த தோல்

என் வலது புறங்கையில் காசு அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. இது ஒட்டாது, தொழுநோயும் இல்லை என்று தருமபுரியில் நான் காட்டும் தோல் டாக்டர் பலமுறை சொல்லிவிட்டார். இருந்தாலும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க இடது கைதான் போகும்.

போன வருஷம் அந்த டாக்டரிடம் ஆராய்ச்சிக்காகப் பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் என்னிடம் கொஞ்சம் தோல் கேட்டாள்.

“வெள்ளையா இருக்கிற இடத்துல ஒண்ணு, பக்கத்துல நல்ல தோல்ல ஒண்ணு, சின்னக் கொப்புளம் எழுப்பி எடுப்போங்கம்மா. முன்னெல்லாம் தோலை மொத்தமா அரைச்சுப் பார்ப்பாங்க. எந்த செல் என்ன பண்ணுதுன்னு தெரியாது. இப்போ ஒவ்வொரு செல்லாப் பிரிச்சு, அதுல எந்த ஜீன் வேலை செய்யுது, எது சும்மா இருக்குதுன்னு பார்க்கலாம். நிறம் குடுக்கிற செல்லை எது கெடுக்குதுன்னு தெரிஞ்சா மருந்து தேடலாம்.”

எட்டாவதோடு நின்றவள் நான். ஜீன் என்ற சொல் மட்டும் காதிலேயே நின்றது.

“அப்போ எம்பொண்ணுக்கு வருமான்னு தெரிஞ்சுருங்களா?”

“அதைச் சொல்ற டெஸ்ட் இல்லீங்க இது. உங்க பேரும் வெளிய போகாது. திங்கக்கிழமை வாங்க. அதுவரைக்கும் கையில எதுவும் பூசிக்காதீங்க.”

தலையாட்டிவிட்டு வந்தேன். வூட்டுக்கு வந்தால், ஞாயிற்றுக்கிழமை அரூரிலிருந்து மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று சேதி.

சனிக்கிழமை மருதாணி அரைத்தேன். ஒரு கைக்கு மட்டும் வைத்தால் கேள்வி வரும் என்று ரெண்டு புறங்கையிலும் அப்பிக்கொண்டேன்.

“கல்யாணம் எனக்கா, உனக்காம்மா?” என்றாள் மகள்.

மறுநாள் காபி கொடுக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா என் வலது கையைப் பிடித்தார். “நல்லா செவந்திருக்குதுங்களே. வூட்டுச் செடிங்களா?”

“ஆமாங்க. கொல்லையில நிக்குது.”

அவர் உடனே கையை விடவில்லை. அடுத்த டம்ளரை எடுக்கிற சாக்கில் நான்தான் இழுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அந்த ஆராய்ச்சிப் பெண் ஈரப் பஞ்சால் என் கையைத் துடைத்துப் பார்த்தாள். சாயம் போகவில்லை.

“இப்போ எடுத்தா, செல் இப்படி இருக்கிறது நோயாலயா மருதாணியாலயான்னு பிரிச்சுச் சொல்ல முடியாதுங்கம்மா. சாயம் போனதும் வாங்க.”

திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. என் தோலை எடுத்துப்போகப் பெங்களூரிலிருந்து கொண்டுவந்த ஐஸ் பெட்டி காலியாகத் திரும்பிப் போயிற்று.

மருதாணி வைத்த காரணத்தை வூட்டில் மகளிடம் சொன்னேன்.

“யார்கிட்டம்மா மறைச்ச? பார்க்க வர்றதுக்கு முன்னாடியே உன் கையைப் பத்தி அவர்கிட்ட போன்ல சொல்லிட்டேன். அவங்கம்மாவுக்கும் தெரியும்.”

தெரிந்துதான் அவர் என் கையைப் பிடித்திருக்கிறார். தெரிந்துதான் செடியைப் பற்றிக் கேட்டிருக்கிறார். நான் கொல்லையில நிக்குதுன்னு பதில் வேறு சொல்லியிருக்கிறேன். எலுமிச்சம்பழம் வைத்துச் சாயத்தைத் தேய்க்கப் போனேன். தோலை இன்னும் கெடுத்துவிடுவேனோ என்று பயந்து பழத்தைக் கீழே வைத்தேன்.

சம்பந்தம் முடிவானது. பூ வைக்க அவர்கள் வந்தபோது சாயம் நகத்தில் மட்டும்தான் இருந்தது. திட்டு பளிச்சென்று தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா அந்தக் கையில்தான் வெற்றிலைத் தட்டைக் கொடுத்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த வாரமே போனில் சொல்லிவிட்டுத் தருமபுரிக்குப் போனேன். ஆராய்ச்சிப் பெண் சின்னக் குப்பியை எடுத்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள்.

“முந்தானைக்குள்ள இருந்து கையை எடுங்கம்மா,” என்றாள்.

உள்ளே வைத்திருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.