பதினாறாவது ட்ராக்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அன்றைக்கு நான் குடிக்கவில்லை, புகைக்கவும் இல்லை. அதுவும் பட்டப்பகல்.

1997 ஆகஸ்ட். மொஹாவி பாலைவனத்தில் எங்கள் பண்ணை வீட்டில் ஸ்டோனர் ராக் என்கிற கனத்த கிடார் இசையில் ஒரு ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தோம். நிரந்தரக் குழு என்று எதுவும் கிடையாது. கிடாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் விருந்தாளிகள். விதி ஒன்றே ஒன்று. கதவைத் தாண்டி வந்து ஒருவன் வாசித்ததை யாரும் அழிக்கக் கூடாது. நன்றாக இருந்தாலும் சரி, நாராசமாக இருந்தாலும் சரி. அந்த விதியைப் போட்டவன் டோர்சி, என்னோடு பதினைந்து வருடம் வாசித்தவன்.

அதை உடைத்தவன் நான்.

செவ்வாய்க்கிழமை டோர்சி வந்தான். குடியால் கை நடுங்கியது. ஏழாவது பாட்டுக்கு வாசிக்கும் முன், வழக்கம்போல மோதிரத்தால் கிடாரை மூன்று தட்டு தட்டினான். டொக்... டொக்... டொக். அதன்பிறகு வாசித்ததைக் கேட்கச் சகிக்கவில்லை.

"எப்படிடா மெர்ல் இருந்துச்சு?"

"பின்னிட்ட."

அவன் படுக்கப் போனதும், ஸ்வீடனிலிருந்து வந்திருந்த லார்ஸைக் கூப்பிட்டேன். டேப்பில் ஒவ்வொருவர் வாசிப்புக்கும் தனித்தனி ட்ராக் உண்டு; டோர்சியுடைய பதினாறாவது ட்ராக்கிலேயே, அவன் வாசித்ததை அழித்துவிட்டு வாசிக்க வைத்தேன். டேப்பில் வேறு இடமில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அவனை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

புதன் காலை ஊருக்குக் கிளம்பும்போது, வழியில் கேட்க டோர்சி ஒரு கேசட் கேட்டான். லார்ஸ் வாசித்ததையே பிரதி எடுத்துக் கொடுத்தேன். குடிகாரனுக்கு எங்கே தெரியப் போகிறது என்ற நினைப்பு.

"ஆல்பம் அட்டையில என் பேரை ஒழுங்கா போடு மச்சான்" என்று சிரித்துவிட்டுப் போனான்.

வியாழன். மதியம் 2.10. மற்றவர்கள் ஐஸ் வாங்கப் போயிருந்தார்கள். ஏசியை நிறுத்திவிட்டு ஏழாவது பாட்டை ஓடவிட்டேன்.

2.14. லார்ஸின் கிடார் தேய்ந்தது. சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் தேய்ந்தது...

2.16. டொக்... டொக்... டொக்.

டேப்பை நிறுத்தினேன். சுருள் நின்றது. பதினாறாவது ட்ராக்கின் சத்தத்தைக் காட்டும் மீட்டர் முள் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

பதிவறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், டோர்சி தன் கிடாரை இணைத்து வாசித்த ஆம்ப்ளிஃபயர். போய்த் தொட்டேன். கை சுட்டது.

அதன் ஒயர் பிளக்கில் இல்லை. தரையில் கிடந்தது.

டொக்...

முதுகுக்குப் பின்னால். ஸ்டாண்டில் இருந்த என் கிடாரில்.

டொக்...

மூன்றாவது தட்டுக்கு நான் காத்திருக்கவில்லை.

மற்றவர்கள் திரும்பி வந்தபோது வெயிலில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தேன்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்குற?" என்றான் லார்ஸ்.

மறுநாள் டோர்சியின் அக்கா லோரெட்டா போன் செய்தாள்.

"புதன்கிழமையே போயிட்டான் மெர்ல். ஹார்ட் அட்டாக். வண்டிக்குள்ளயே."

"கடைசியா ஏதாவது சொன்னானா?"

"அதுக்குக் கொஞ்சம் முன்னாடி பெட்ரோல் பங்க்ல இருந்து எனக்குப் பேசினான். 'கேசட்ல நான் இல்லக்கா'ன்னான். அதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். அப்படின்னா என்ன மெர்ல்?"

போனை வைத்துவிட்டு டேப்பை ஓடவிட்டேன். பதினாறாவது ட்ராக்கில் டோர்சி இருந்தான், அதே கை நடுக்கத்தோடு. அவனோடு லார்ஸும் இருந்தான். லார்ஸை அவன் அழிக்கவில்லை. விதி போட்டவன் அல்லவா.

அதே பாட்டில் நான் வாசித்திருந்த ட்ராக் மட்டும் காலி.

பதினொரு முறை திரும்ப வாசித்துப் பதிவு செய்தேன். பதினொரு முறையும் வெறும் இரைச்சல்தான் பதிந்தது.

அந்த ஆல்பம் உங்களுக்குக் கிடைத்தால் அட்டையைப் பாருங்கள். டோர்சியின் பெயரை ஒழுங்காகப் போட்டிருக்கிறேன். ஏழாவது பாட்டில் என் பெயர் இருக்காது.