குறிலுக்கு ஒரு பின், நெடிலுக்கு இரண்டு

“ஷிப்” என்று சொல்லி என் ஸ்டேப்ளரில் ஒரு தட்டு தட்டுகிறாள் சமரீன். “ஷீப்” என்று சொல்லி இரண்டு தட்டு. பள்ளிக்கூடத்தில் தமிழம்மா சொல்லிக்கொடுத்த மாத்திரைக் கணக்கை அப்படியே இங்கிலீஷுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். குறிலுக்கு ஒரு பின், நெடிலுக்கு இரண்டு. பத்து மணிக்குள் அரை டப்பா காலி. “ஏம்மா, பின்னு என்ன மரத்துலயா காய்க்குது?” என்று கேட்டால், “கோவிச்சுக்காதீங்ணா, கைய சும்மா வெச்சா வாய் ஓடமாட்டேங்குது” என்பாள்.

மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் ஜெராக்ஸ் கடை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவள் கணவன் ஜாவீதின் கோழிக்கடை, மாடியில் வீடு. அவளுக்கு வயது முப்பத்திரண்டு இருக்கும். உட்கார் என்றால் உட்காருவாள். நான் திரும்புவதற்குள் எழுந்து என் பேப்பர் கட்டுகளைக் கலைத்து அடுக்கிக்கொண்டிருப்பாள். ஒருநாள் மேசையில் கிடந்த விண்ணப்பங்களையெல்லாம் பெரிது சிறிது பார்த்து அழகாக அடுக்கிவிட்டுப் போனாள். எது யாருடையது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு பகல் ஆயிற்று.

இவ்வளவு பாடும் ஒரு வேலைக்காக. ஓசூரில் ஒரு கம்பெனி. வெளிநாட்டுக்காரர்கள் போனில் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். தபால் வழியில் பி.காம். முடித்தவள், எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். போனில் பேசிக் காட்டும் தேர்வில் இரண்டு முறை போய்விட்டது. மூன்றாவதுதான் கடைசி. “இந்தவாட்டியும் வரலைன்னா வுட்டுரு, கல்லாவுல வந்து உக்காந்துக்க” என்று ஜாவீத் சொல்லிவிட்டான்.

“உக்காரலாம்தான். கோழி நாத்தம் எனக்குப் புதுசாங்ணா?” என்றாள் என்னிடம். “ஆனா அங்க ஒருக்கா உக்காந்துட்டா நான் எந்திரிக்கவே மாட்டேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்.” சொல்லும்போதே எழுந்துவிட்டாள்.

இரண்டாவது முறை தோற்றபோது கம்பெனிக்காரப் பெண் ஒரு காரணம் சொன்னாளாம்: நீட்ட வேண்டாத இடத்தில் நீட்டுகிறீர்கள். ஒரு வாரம் அதையே போட்டு உருட்டினாள். பிறகு ஒருநாள் மூச்சு வாங்க ரோட்டைத் தாண்டி ஓடிவந்தாள். “புதுசா படிச்ச இங்கிலீசு ஒழுங்கா வருதுங்ணா! பொறந்ததுலருந்து பேசுற இங்கிலீசுதான் காலை வாருது!”

யோசித்துப் பார்த்தேன், சரிதான். ஆபீஸ், காலேஜ், டாக்டர், பாக்ஸ் எல்லாவற்றையும் நாம் நெடிலாக்கி, மூன்று தலைமுறையாக வாயில் போட்டு மென்றாயிற்று. அப்புறம் அவளைப் பிடிக்க முடியுமா? பஸ் கண்டக்டர், தக்காளி மண்டி, மருந்துக்கடை என்று நின்று நின்று கேட்டு, ஊரில் புழங்கும் இங்கிலீஷை எல்லாம் ஒரு குயர் நோட்டில் எழுதினாள். நீட்டக்கூடாதவற்றின் மேல் சிவப்புச் சுழி. என்னையும் விடவில்லை. வந்தவர் ஒருவரிடம் “காப்பி எத்தனைங்க?” என்று கேட்டேன். பின்னாலிருந்து, “கொப்பிங்ணா” என்று குரல் வந்தது.

“அட போம்மா! இருவது வருசமா காப்பிதான் எடுக்கறேன், ஒருத்தராவது வேணாம்னு திருப்பிக் குடுத்தாங்களா?” என்று கத்திவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே அதையும் நோட்டில் ஏற்றினாள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குத் தேர்வு. வீட்டில் கோழிச் சத்தமும் கத்திச் சத்தமும் என்று என் உள்ளறையைக் கேட்டாள். மெஷினை நிறுத்தினேன், ஃபேனை நிறுத்தினேன். பட்டா நகல் எடுக்க வந்த பெரியவர் மாதுவிடம் வாயில் விரலை வைத்துக் காட்டினேன். “என்ன பச்சியப்பா, எழவு வூடா இது?” என்று கிசுகிசுத்தார்.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவள் சுவருக்கும் சுவருக்கும் நடந்தபடி பேசினாள். குடும்பத் தொழிலைப் பற்றிக் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. “ஷொப்” வந்தது, “பொக்ஸ்” வந்தது, இரண்டும் நறுக்கென்று குறிலாகவே வந்தன. அப்புறம் வாய் தவறி வந்தது பாருங்கள், ஒரு “ஆபீஸ்”! நம் ஊர் ஆபீஸ், முழு நீளத்துக்கு. அப்படியே நின்றுவிட்டாள். என்ன விஷயம் என்றே தெரியாத மாதுகூட மூச்சைப் பிடித்துக்கொண்டார். சமரீன் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். அந்த வாக்கியத்தை முதலிலிருந்து மறுபடி சொன்னாள். இந்தமுறை அந்தச் சொல் குட்டையாக, சுத்தமாக விழுந்தது. மேலே பேசிக்கொண்டே போனாள்.

முடிவு அரை மணியில் வரும் என்றார்கள். அந்த அரை மணியில் என் கடை வாசலைக் கூட்டினாள், தண்ணீர்க் கேன் மாற்றினாள், போன மாதத்திலேயே நின்றிருந்த காலண்டரைக் கிழித்துச் சரிசெய்தாள். குறுஞ்செய்தி வந்து போன் சிணுங்கியது. நின்றபடி ஒருமுறை படித்தாள், நடந்தபடி ஒருமுறை. “நீங்களும் ஒருக்கா படிங்கண்ணா, எனக்கு நம்பிக்கையில்ல.” படித்தேன். திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லியிருந்தது. சொல்வதற்கென்ன, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் இரண்டு பக்கமும் பார்க்காமல் ரோட்டைத் தாண்டினாள். கோழிக்கடையில் ஜாவீத் கட்டைமுன் நின்று வெட்டிக்கொண்டிருந்தான். கல்லாவுக்குப் பின்னால் ஒரு புது நாற்காலி. அன்று காலையில்தான் அவளுக்காக வாங்கிப் போட்டிருக்கிறான், சுற்றிய பிளாஸ்டிக் தாளைக்கூடப் பிரிக்கவில்லை. சமரீன் தாளைச் சரசரவென்று கிழித்தெடுத்தாள். அவன் கையிலிருந்த கத்தியை வாங்கிக் கட்டைமேல் வைத்தாள். விடிந்ததிலிருந்து நின்றுகொண்டிருந்தவனை இரண்டு தோளையும் பிடித்து அழுத்தி, அந்த நாற்காலியில் உட்காரவைத்தாள்.