எதிர்க்காற்று என்ன விதைத்தார்?

காலை ஆறு நாற்பதுக்குச் செய்தி வந்தபோது விதைக்கடைக்காரர் கடையின் ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தார். தொலைபேசியில் அக்கா. ராத்திரி படுத்த மாமா எழுந்திருக்கவில்லை என்று சொன்னாள். பால் வீட்டில் இருக்கிறது, வாங்கி வர வேண்டாம் என்றும் சொன்னாள். ஷட்டரை ஏற்றுவதா இறக்குவதா என்று தெரியாமல் அதைத் தோளில் தாங்கியபடி அவர் நின்றார். ஆறு நாற்பத்தைந்துக்கு, பக்கத்துத் தேநீர்க் கடை வானொலி, நான்கு வருடமாக இருந்த வெங்காய ஏற்றுமதித் தடை நீங்கிவிட்டதாக அறிவித்தது.

இரண்டு செய்தியும் ஒரே நேரத்தில் தேநீர்க் கடைக்குப் போய்ச் சேர்ந்தன. மேற்கு வயல்காரர் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார்.

"பாத்தீங்களா, அவர் கண்ணை மூடுனதும் தடையை எடுத்துட்டாங்க."

யாரும் சிரிக்கவில்லை. அந்த ஊரில் அது வேடிக்கைப் பேச்சு அல்ல, சாதாரண விவரம்.

இறந்தவர் இரண்டரை ஏக்கர் விவசாயி. விதைக்கடைக்காரரின் அக்கா கணவர். ஊர் அவருக்கு வைத்த பெயர் எதிர்க்காற்று. அவர் எதை விதைக்கிறாரோ அது அந்த வருடம் விலை போகாது. பதினெட்டு வருடமாகப் போகவில்லை.

தொடங்கியது பயறில். பயறை நல்ல விலைக்கு நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று அரசாங்கம் அறிவித்தது. அவர் நம்பி விதைத்தார். அமோக விளைச்சல். கொள்முதல் நிலையத்தில் இருந்த அதிகாரி ஒரு பயறை எடுத்துக் கடித்துப் பார்த்தார், பிறகு இயந்திரத்தில் போட்டுப் பார்த்தார், ஈரம் கூடுதல் என்று திருப்பி அனுப்பினார். எதிர்க்காற்று மூன்று நாள் பயறைத் தார்ச்சாலையில் பரப்பி, குடை பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து காயவைத்தார். குடை அவருக்கு, பயறுக்கு வெயில். நான்காம் நாள் எலும்பாய்க் காய்ந்த பயறோடு போனால், இந்த வருடத்துக்கு வாங்க வேண்டியதை வாங்கி முடித்தாயிற்று என்று நிலையத்தையே சுருட்டிக்கொண்டு போயிருந்தார்கள். மேசை இருந்த இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது.

அடுத்து சூரியகாந்தி. அறுவடை வாரத்தில் வெளிநாட்டு எண்ணெய்க்கு இருந்த வரியை எடுத்துவிட்டார்கள். கப்பல் கப்பலாக எண்ணெய் வந்து இறங்கியது. பூவைப் பார்க்க மட்டும் ஊர் வந்தது.

இப்படி நாலைந்து வருடம் ஆனதும் ஊர் விழித்துக்கொண்டது. விதைப்புக் காலம் வந்தால் எல்லார் கண்ணும் எதிர்க்காற்று மேல். அவர் மிளகாய் என்றால் ஊர் தக்காளி. அவர் தக்காளி என்றால் ஊர் மிளகாய். ஒரு தடவை அவர் யாருக்கும் தெரியாமல் அடுத்த ஊரில் போய் விதை வாங்கினார் என்று கேள்விப்பட்டு, மேற்கு வயல்காரர் மூன்று நாள் அவருடைய குப்பைத்தொட்டியைக் கிளறி வெற்றுப் பொட்டலத்தைத் தேடினார். கமிஷன் மண்டிக்காரர், வருகிற விவசாயிகளிடம் குசலம் விசாரிக்கும் முன்பே அவர் என்ன போட்டிருக்கிறார் என்றுதான் கேட்பார். எதிர்க்காற்றைக் கண்டால் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு வருஷம் பெட்ரோலைப் பயிர் பண்ணுங்களேன், விலை இறங்கட்டும் என்பார்.

விதைக்கடைக்காரர் கொஞ்சம் யோசிக்கிற ஆள். மாமா போட்டதை யாரும் போடவில்லை என்றால் அது சந்தையில் அரிதாகிவிடும், விலை ஏற வேண்டும், மாமா பணக்காரர் ஆக வேண்டும். ஏன் ஆகவில்லை? வெங்காய வருடத்தில் அவருக்கு விடை கிடைத்தது.

அந்த வருடம் சுற்று வட்டாரத்தில் வெங்காயம் போட்ட ஒரே ஆள் எதிர்க்காற்று. எதிர்பார்த்தபடியே விலை ஏறியது. கூரையைப் பிய்த்துக்கொண்டு ஏறியது. அவர் புதுச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு, லாரியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். நகரத்து ஆட்கள் விலையைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள், கூச்சல் அரசாங்க ஆபீசுக்கு எட்டியது, லாரி பாதி வழியில் இருக்கும்போது ஏற்றுமதிக்குத் தடை வந்துவிட்டது. வெளியே போக வேண்டிய வெங்காயமெல்லாம் உள்ளே திரும்பியது. லாரி மண்டிக்குள் நுழைகையில் விலை தரையில் கிடந்தது.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு அவர் விதைக்கடைக்காரரிடம் சொன்னார். "என் ஒரு லாரிக்காக நாட்டு எல்லையையே மூட வேண்டியதாப் போச்சு, மச்சான். நம்மள இவ்வளவு கவனிக்கிற ஆபீசு வேற எங்க இருக்கு?"

முகத்தில் பெருமை வழிந்தது. ஒரு வாரத்துக்கு அதையே எல்லாரிடமும் சொன்னார்.

விலை இறங்கினாலும் அவருக்கு நஷ்டம், ஏறினால் உடனே இறக்கிவிடுவார்கள், அப்போதும் அவருக்குத்தான் நஷ்டம். சரி, அவருக்கு எதிராகப் போட்ட ஊர் சம்பாதித்ததா? அதுவும் இல்லை. எல்லாரும் சேர்ந்து ஒரே பயிரைப் போட்டதில் அதுவும் தெருவில் கொட்டிக் கிடந்தது. ஆனால் ஊரே சேர்ந்து நஷ்டப்பட்டால் அதற்குப் பெயர் பருவக்கோளாறு. ஒருத்தர் தனியாக நஷ்டப்பட்டால் அது ராசி. இதை விதைக்கடைக்காரர் கண்டுபிடித்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை. காரணம், அவர் பிழைப்பே அதில்தான் ஓடியது. மாமா வாங்கும் விதையைக் கொஞ்சமாகவும் மற்றதை மூட்டை மூட்டையாகவும் தருவிப்பார். மாமா வாங்கிப் போன அரை மணி நேரத்துக்குள், என்ன வாங்கினார் என்று வருகிற முதல் ஆளின் காதில் போடுவதும் அவர்தான். அந்த உறுத்தல் அவருக்கு உண்டு. ஒவ்வொரு வருடமும் விதைப்பு முடிந்ததும் அக்கா வீட்டுக்கு ஒரு கூடை பழத்தோடு போய் உட்கார்ந்துவிட்டு வருவார்.

இந்த வருடம் நிலைமை கழுத்தைப் பிடித்தது. போன வருடத்து விதை பாதி விற்காமல் காலாவதியாகிவிட்டது. இனிமேல் முழுப் பணமும் முன்கூட்டியே கட்ட வேண்டும், விற்காததைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று விதைக் கம்பெனி சொல்லிவிட்டது. பன்னிரண்டு நாளில் ஆர்டர் போட வேண்டும். தப்பாகப் போட்டால் ஷட்டரை இறக்கிவிட்டுப் போக வேண்டியதுதான்.

இறப்பதற்கு ஐந்து நாள் முன்பு மாமா கடைக்கு வந்திருந்தார். மூட்டை மேல் உட்கார்ந்தார். கடையில் இருந்த நாலு பேர் மூச்சை அடக்கினார்கள். மிளகாய்ப் பொட்டலத்தை எடுத்தார். நாலு பேர் மனத்திலும் மிளகாய் செத்தது. அதை வைத்துவிட்டு வெங்காயத்தை எடுத்தார். மிளகாய்க்கு உயிர் வந்தது. கடைசியில் எதையும் வாங்காமல் எழுந்து, பாத்துச் சொல்றேன் மச்சான் என்று போய்விட்டார். போனவர் சொல்லவே இல்லை.

சாவு வீட்டில் வாடகை நாற்காலிகள் போதவில்லை. அவருக்காக அழுதார்கள், பொய் இல்லை. பதினெட்டு வருடம் தினமும் பேசிச் சிரித்த மனிதர். ஆனால் வெங்காயத் தடை நீங்கிய காலையில், என்ன விதைக்கப் போகிறார் என்று சொல்லாமல் போய்விட்டாரே என்ற ஏக்கமும் அழுகையில் கலந்திருந்தது. அவர் வெங்காயம் போடுவதாக இருந்தால் தடை மறுபடி வரும். வேறு எதையாவது போடுவதாக இருந்தால் வெங்காயம் பிழைத்தது. ஒருவரும் அக்காவிடம் கேட்கவில்லை. கணவனை இழந்து உட்கார்ந்திருப்பவளிடம் விதையைப் பற்றி எப்படிக் கேட்பது? விதைக்கடைக்காரர் வாய் வரைக்கும் வந்ததை மூன்று முறை விழுங்கினார்.

அப்போதுதான் கை கழுவப் பின்பக்கம் போன மேற்கு வயல்காரர் துணிக்கொடிக்குக் கீழே அந்தப் பாத்தியைப் பார்த்தார். புதிதாகக் கொத்திய மண். நேர்த்தியான வரிசைகள். ஈரம் இன்னும் காயவில்லை. முந்தின சாயங்காலம் விதைத்தது. என்ன விதை என்று மண்ணுக்குத்தான் தெரியும். அவர் ஓசைப்படாமல் திரும்பி வந்து ஓரமாக ஒருவரிடம் சொன்னார். கால் மணி நேரத்தில் எல்லாருக்கும் கை கழுவ வேண்டியிருந்தது.

மறுநாளிலிருந்து துக்கம் விசாரிக்க ஊர் தினமும் வந்தது. வந்தவர்கள் அக்காவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் பின்பக்கம் போனார்கள். தண்ணீர் ஊற்றக்கூட அவளுக்கு வேலை இல்லை. ஆளுக்கு ஒரு குவளை ஊற்றிவிட்டுப் போனார்கள். கமிஷன் மண்டிக்காரர் அதிகம் ஊற்றினால் அழுகிவிடும் என்று சத்தம் போட்டு, முறை வைத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் ஒன்று முளைத்தது. இரண்டு மணி நேரம் வாதம் நடந்தது. கடைசியில் அது புல்.

ஐந்தாம் நாள் வெண்டை முளைத்தது. நான்காவது வரிசையில், அதுவும் பாதி வரிசைக்கு. ஊர் பெருமூச்சு விட்டது. வெண்டை யாருக்கு வேண்டும்? வெங்காயம் பிழைத்தது. விதைக்கடைக்காரர் ஆர்டர் தாளில் வெங்காயத்துக்கு நேராகப் பெரிய எண்ணாக எழுதினார். ஆறாம் நாள் இரண்டாவது வரிசையில் தக்காளி. சரி, தக்காளியும் போகட்டும். எட்டாம் நாள் காலையில் முதல் வரிசையில் பச்சை ஊசி முதுகு வளைந்து எட்டிப் பார்த்தது. வெங்காயம். மேற்கு வயல்காரர் பாத்தி ஓரத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். அன்றுதான் அவர் கண்ணில் தாரை தாரையாக நீர் வந்தது. விதைக்கடைக்காரர் எண்ணை அடித்தார். இனி மிளகாய் ஒன்றுதான் கதி என்று அதற்கு நேராக எழுதினார். பதினோராம் நாள் மூன்றாவது வரிசையில் மிளகாயும் முளைத்தது.

ஊரில் விதைக்க எதுவுமே மிஞ்சவில்லை.

அன்று மதியம் எல்லாரும் போன பிறகு, ஆர்டர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபடி விதைக்கடைக்காரர் அக்கா எதிரில் உட்கார்ந்தார். மறுநாள் கெடு. வெட்கத்தை விட்டுக் கேட்டார்.

"அக்கா, மாமா இந்த வருஷம் என்ன போடறதா இருந்தாரு?"

"ஒண்ணும் இல்ல."

"பின்ன அந்தப் பாத்தி?"

"வீட்டுல எடுத்து வெச்சிருந்த விதை, சமையலுக்குடா. சந்தைக்கு இந்த வருஷம் எதுவும் இல்லன்னுட்டாரு. நிலத்தைச் சும்மா போட்டுட்டு வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்து, ஊர் என்ன பண்ணுதுன்னு வேடிக்கை பாக்கப் போறேன்னாரு. ஒரு மாசமா அதை நெனச்சு நெனச்சு அவருக்கு ஒரே சிரிப்பு."

"இதை நீ மொதல்லயே சொல்லியிருக்கலாமே."

"யாராவது கேட்டாங்களா? எல்லாரும் கையத்தான் கழுவுனாங்க."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். பதினொரு நாளில் முதல் தடவை. அவரும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. உறுத்தலை இனி வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. மாமா வாங்குகிற விதையை ஊருக்குச் சொன்னது தான்தான் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அது அவருக்குத் தெரியாதாக்கும்," என்றாள் அக்கா. "அடுத்த ஊர்ல ஒரு தடவை வாங்கிட்டு வந்தாரு, ஞாபகம் இருக்கா? அந்த வருஷம் உன் கடையில ஈ ஓட்டுன. நான் வாங்குறதை ஊர் பாத்தாத்தான் மச்சானுக்கு யாவாரம் ஆகும் போலன்னு, அதுல இருந்து உன்கிட்டயே வந்தாரு. அதுவும் கடையில நாலு பேர் இருக்கற நேரமாப் பாத்து."

விதைக்கடைக்காரர் தாளைப் பிரித்து, எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு, நான்கு விதைக்கும் நேராக ஒரே எண்ணை எழுதினார். மறுநாள் கம்பெனிப் பிரதிநிதி, கை தவறி எழுதிவிட்டீர்களா என்று தொலைபேசியில் இரண்டு தடவை கேட்டார். இல்லை என்றார். ஊர் முதலில் கடைக்கு வந்து திருதிருவென்று விழித்தது. பார்த்து எதிராகப் போட ஆள் இல்லாததால், அவரவர் நிலத்தைப் பார்த்து ஆளுக்கு ஒன்றாக வாங்கிப் போனார்கள். அந்த மாதக் கடைசியில் மூட்டைகள் காலியாகியிருந்தன. ஷட்டர் இறங்கவில்லை.

அக்கா வீட்டுத் துணிக்கொடிக் கம்பத்தில், கயிறு கட்டிய இடுக்கில், செய்தித்தாளில் மடித்த சின்னப் பொட்டலம் ஒன்று செருகியிருந்தது. உள்ளே பதினான்கு வெண்டை விதைகள். விதைத்த அந்தக் கடைசிச் சாயங்காலம், சாப்பாடு ஆறுகிறது என்று அக்கா குரல் கொடுத்ததும், மீதியைக் காலையில் போட்டுக்கொள்கிறேன் என்று மாமா கையைக் கழுவியிருக்கிறார். நான்காவது வரிசை எங்கே முடிய வேண்டும் என்று அவர் நட்ட அடையாளக் குச்சி சுவரோரம் நிற்கிறது. கடைசி வெண்டைச் செடிக்கும் அந்தக் குச்சிக்கும் நடுவே இரண்டு முழம் வெறும் மண் இருக்கிறது.