மட்டையோடு ஓடிய வடிவேல் அண்ணை

வியாழக்கிழமை காலை கடை வாசலில் மரக்கறிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. மிசிசாகாவில் பிளாஸ்ரிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்யும் மனுவேல் பேசினார். வேலைக்குப் புறப்பட்ட வடிவேல் அண்ணை பஸ் தரிப்பிடத்தில் மாரடைப்பு வந்து விழுந்தவர், எழும்பவில்லை என்றார். சரி என்று வைத்துவிட்டேன். மிச்சப் பெட்டிகளையும் இறக்கினேன். வெண்டிக்காய்க்கு விலை பேசினேன். இதை எழுதும்போதும் எனக்கு அழுகை வரவில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வடிவேல் அண்ணை மட்டக்களப்பில் பேர்பெற்ற விக்கெட் காப்பாளர். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு மனைவி யோகத்தையும் மகளையும் விட்டுவிட்டுத் தனியே கனடாவுக்கு வந்து அந்தத் தொழிற்சாலையில் சேர்ந்தார். தொழிற்சாலை அணி ஞாயிறுகளில் பேஸ்போல் விளையாடும். பந்து எறிபவர் மனுவேல். எறியும் பந்தைப் பின்னால் நின்று பிடிக்க ஆளில்லாமல் இவரைக் கூட்டிப் போனார். அண்ணை கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்கையால் பிடித்தாராம். ஒரு விரல் முறிந்தது, இடம் நிச்சயமானது.

அந்த அணியினர் உடுத்தி விளையாட, என் கடைப் பெயர் போட்ட சேட்டுகளை நான்தான் கொடுத்தேன். பாசத்தில் அல்ல, விளம்பரத்துக்கு.

பேஸ்போலில் பந்தை அடித்தவர் மட்டையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தளத்தைக் காலால் தொட வேண்டும். அண்ணை தன் முதல் ஆட்டத்தில் கிரிக்கெட் ஞாபகத்தில் மட்டையோடு ஓடிக் குனிந்து, அதன் நுனியைத் தளத்தில் ஊன்றினார். கால் ஒரு முழம் பின்னால் நின்றது. நடுவர் அவுட் என்றார். அண்ணை மட்டையைக் காட்டிக் காட்டி வாதாடினார். மைதானமே சிரித்தது.

பிறகு காலால் தொடப் பழகினார். மட்டையை விட மட்டும் பழகவில்லை. அதனாலேயே ஓட்டம் பிந்தி அவுட் ஆவார்.

ஒருநாள் கேட்டேன்: "உந்தக் கட்டையைப் போட்டிட்டு ஓடினால் என்னண்ணை? சேட்டிலை என்ரை கடைப் பேரெல்லோ கிடக்கு."

வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கையில இருந்ததை விட்டுட்டு ஒருதரம் ஓடி வந்தவன் நான், தம்பி. அதுகள் ரெண்டும் வந்து சேரட்டும். பிறகு விடுறன்."

அதற்குப் பிறகு நான் பகிடி விடவில்லை. யோகத்தின் விசா கோடைக்குக் கோடை தள்ளிப் போனது. இதற்குள் அண்ணை பந்து பிடிப்பதைப் பார்த்த தொழிற்சாலை மேற்பார்வையாளர், உங்கள் ஊரில் இப்படி இன்னும் ஆட்கள் உண்டா என்று கேட்டு எங்கள் ஆட்களை வேலைக்கு எடுக்கத் தொடங்கினார். வந்தவர்களில் ஒருவருக்கும் பந்து பிடிக்கத் தெரியாது. வேலை மட்டும் நிலைத்தது. இன்று அங்கே ஒரு பகுதி முழுக்க எங்கள் ஆட்கள்.

போன கோடையில் யோகமும் மகளும் வந்து சேர்ந்தார்கள். அடுத்த ஞாயிறு, அந்த வெயிலிலும் சுவெற்றர் போட்டபடி மைதான ஓரத்து வாங்குப் பலகையில் அமர்ந்திருந்தார்கள். அண்ணை பந்தை அடித்தார். மட்டை புல்லில் விழுந்தது. வெறுங்கையோடு ஓடினார். தளத்தைத் தொட்டாரா என்று நான் பார்க்கவில்லை. விழுந்து கிடந்த மட்டையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நேற்று இறுதிச்சடங்குக்கு அணியினர் எல்லோரும் அந்தச் சேட்டுகளோடு வந்தார்கள். மனுவேல் மட்டையைக் கொண்டுவந்து அண்ணையின் கைக்குள் வைக்கப் போனார். யோகம் என் பக்கம் திரும்பினார்.

"வேணாம் எண்டு சொல்லுங்க அண்ணன். அவர் அதை விட்டுட்டார். திரும்ப ஏன் கையில குடுக்கிறாங்க?"

தமிழ் தெரியாத மனுவேலுக்கு நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். மனுவேல் மட்டையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்தார்.

பெட்டியை மூடும்போது அண்ணையின் கைகள் நெஞ்சின் மேல் இருந்தன. கோணலாகப் பொருந்திய அந்த விரல் தெரிந்தது. கைகளில் ஒன்றுமில்லை.

போயிட்டு வாங்கோ, அண்ணை.