சோப்பு சேர்க்காத வாசனைத் தண்ணீர்

சென்ற ஆண்டு மாசியில் என் மனைவிக்கு சோப்பு ஒத்துக்கொள்ளாமல் போனது. முதலில் விரலிடுக்கில் தடிப்பு, பிறகு கழுத்தில், பிறகு முழங்கை வரை. நுரைக்கிற எதுவும் உடம்பில் படக் கூடாது என்று தோல் மருத்துவர் சொல்லிவிட்டார். பவுடரும் சென்ட்டும்கூட வேண்டாம் என்றார். குளிக்க வெறும் தண்ணீர்தான். ஆறு வாரத்தில் தடிப்பு அடங்கியது. அதற்குள் வேறொன்று ஆரம்பித்திருந்தது.

அவள் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். தன்மேல் வியர்வை நாற்றம் அடிக்கிறது என்ற நினைப்பு அவளுக்குள் விழுந்துவிட்டது. அளவு கொடுக்க வரும் பெண்களிடம் பழைய ஜாக்கெட் ஒன்றை வைத்துவிட்டுப் போகச் சொன்னாள். டேப்பை எடுத்துக்கொண்டு யார் அருகிலும் போவதில்லை. என் அருகிலும்தான். ரிஷிவந்தியத்தில் தங்கை வீட்டு விசேஷத்துக்கு நான் மட்டும் போய்வந்தேன். அந்த மாதங்களின் நாட்குறிப்பில் ‘அவள் வரவில்லை’ என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறேன்.

நாற்றம் ஒன்றும் இல்லை என்று எத்தனையோ முறை சொன்னேன். நான் கல்லூரி ஒன்றில் வேதியியல் ஆய்வகத்து உதவியாளர். அதை வைத்தே மடக்கினாள். “ஆசிட் நாத்தத்துலயே குந்திக்கினு இருக்கறவரு நீங்க. உங்க மூக்குக்கு இன்னா தெரியும்?”

ஆகவே அவளே முகர்ந்து நம்பும்படி ஒன்று தேவைப்பட்டது. முந்தானை ஓரத்தில், தோலில் படாமல் தெளித்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். சோப்பு வகை எதுவும் அதில் இல்லாவிட்டால் சரி என்றார். வெள்ளிமலைப் பக்கம் தைலம் காய்ச்சுகிற ஒருவரிடம் எலுமிச்சைப்புல் தைலம் வாங்கி வந்தேன். அவளுக்குப் பிடித்த வாசனை. ஆனால் தைலத்தை அப்படியே விட்டால் துணியில் கறை. தண்ணீரில் விட்டால் மேலே மிதக்கும். இரண்டையும் சேர்த்துவைக்க வழக்கமாகப் போடுவது சோப்பு வகையில் ஒன்று. அதுதான் எங்களுக்கு ஆகாது.

மிச்சமிருந்தது ஸ்பிரிட். அது தைலத்தோடும் சேரும், தண்ணீரோடும் சேரும். மருந்துக் கடைக்காரர் எதற்கு என்று இரண்டு முறை கேட்ட பிறகே கொடுத்தார்.

பின்கட்டில் ஒன்பது சோதனைக் குழாய்களை வரிசையாக நிறுத்தினேன். எல்லாவற்றிலும் தைலம் ஐந்து சொட்டு. ஸ்பிரிட்டும் தண்ணீரும் சேர்ந்து பத்து மில்லி. முதல் குழாயில் தண்ணீர் ஒரு மில்லி, இரண்டாவதில் இரண்டு என்று ஏற்றிக்கொண்டே போனேன். ஐந்தாவது வரை கண்ணாடி போலத் தெளிவு. ஆறாவதிலிருந்து பால்.

தூசு இருக்கிறதா என்று பார்க்க, வகுப்பில் பயன்படுத்தும் லேசர் விளக்கைக் குழாய்களுக்குள் அடித்தேன். முதல் குழாயில் ஒளி உள்ளே போன தடமே தெரியவில்லை. நான்காவதில் மெல்லிய சிவப்புக் கோடு. ஐந்தாவதில் கோடு பளிச்சென்று நின்றது. கண்ணுக்குத் தெளிவாக இருந்த நீருக்குள் ஒளியைச் சிதறடிக்கிற ஏதோ இருந்தது. மறுநாள் எங்கள் துறைப் பேராசிரியரிடம் கேட்டேன். தைலம் அதில் தனித்தனியாகக் கரைந்துவிடவில்லை, கண்ணுக்கு எட்டாத சிறு திரள்களாகக் கூடியிருக்கிறது என்றார். ஸ்பிரிட்டுக்கும் தண்ணீரை விரும்புகிற பக்கம் ஒன்று, எண்ணெயை விரும்புகிற பக்கம் ஒன்று உண்டு. சோப்பைப் போல அழுத்தமாகப் பிடிக்காது. தைலத்தைச் சுற்றி லேசாகக் கூடும், கலையும், மறுபடி கூடும். சோப்பு இல்லாமல் இப்படி நடக்காது என்றுதான் விஞ்ஞானிகள் நெடுநாள் நினைத்திருந்தார்களாம்.

அந்தச் சந்தோஷத்தோடு ஐந்தாவது குழாயை அவளிடம் நீட்டினேன். துணித்துண்டில் இரண்டு சொட்டு விட்டு முகர்ந்தாள். முகம் மாறியது.

“ஏங்க, குடிச்சிட்டு வந்தவன் பக்கத்துல நிக்கற மாரி கீது. இத தெளிச்சிக்கினு நான் எப்படிங்க ஒருத்தி பக்கத்துல போவேன்?”

பாதிக்குப் பாதி ஸ்பிரிட். விஷச் சாராயம் பல உயிரைக் கொண்டுபோன கருணாபுரத்துக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்துகொண்டு அது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். அவளிடம் துணி கொடுப்பவர்களில் சாராயத்துக்கு வீட்டு ஆளைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த ஐந்து சாயங்காலங்கள் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் போராடினேன். தண்ணீரை ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்காகக் கூட்டினேன். ஐந்தரை வரை தெளிவு தாங்கியது. அதற்குமேல் வெளுத்தது. ஸ்பிரிட் வாடை போகவில்லை.

ஞாயிறு காலை அவள் பின்கட்டுக்கு வந்து, ஓரமாக ஒதுக்கிவைத்திருந்த வெள்ளைக் குழாய்களைக் காட்டி அவை என்ன என்று கேட்டாள். கலங்கிப்போனவை என்றேன். ஒன்பதாவதை எடுத்து முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள்.

“இதுல அந்த வாடை கம்மியா கீதே.”

“அது தெளிவா இல்லையே.”

“தெளிவா வேணும்னு நான் எப்பங்க கேட்டேன்?”

நாட்குறிப்பைப் பின்னோக்கிப் புரட்டினேன். அப்படி யாரும் கேட்டிருக்கவில்லை.

தண்ணீர் இன்னும் கூடினால் வாடை இன்னும் குறையும் என்று, ஐந்தரை மில்லி தண்ணீர் விட்ட குழாயில் இருந்ததை ஒரு டம்ளர் தண்ணீரில் ஊற்றினேன். கலக்காமலே, ஊற்றிய கணத்தில் வெளுத்தது. ஸ்பிரிட் தண்ணீர் முழுவதும் பரவிப்போக, தைலம் மிகச் சிறிய துளிகளாகத் தங்கிவிடுகிறது. மேலே ஏறி மிதக்கப் பல நாள் ஆகும். அவள் வெள்ளை லைனிங் துண்டொன்றை அதில் நனைத்துக் கொடியில் போட்டாள். காய்ந்த பிறகு வெயிலில் பிடித்துப் பார்த்தோம். கறை இல்லை. ஸ்பிரிட் வாடையும் இல்லை. எலுமிச்சைப்புல் வாசனை மட்டும் லேசாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை கச்சிராயபாளையத்திலிருந்து ஒரு பெண் கல்யாண ஜாக்கெட்டுக்கு வந்திருந்தாள். நான் சாப்பாட்டுப் பையை எடுக்க முன்னறைக்குப் போனபோது, என் மனைவி டேப்பை அவள் தோளில் வைத்து, கையைத் தூக்கச் சொல்லி, ஏதோ கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் சத்தமில்லாமல் வெளியே வந்து பஸ்ஸைப் பிடித்தேன்.

அன்று சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஊசியில் நூல் கோத்துத் தரச் சொன்னாள். கண்ணாடி போட்டும் எனக்கு மூன்று முறை தவறியது. கோத்து முடிக்கும் வரை அவள் நகரவில்லை. முடித்த பிறகும்.